தண்டவாளம் முடியும் இடத்திலிருந்து திட்டமிடுங்கள்: பழைய சுரங்க ரயில் தடம் வழியாக உயர்மலை ஏரிக்கு

மலையேற்றத்துக்குப் புதிதாக வருபவர்களில் பலர், தங்களுடைய முதல் கடினமான பயணமாக, தாதுச் சுரங்கங்களுக்காக அந்நாளில் போடப்பட்ட பழைய ரயில் தடத்தை ஒட்டி உயர்மலை ஏரிக்குப் போகும் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் வியப்பில்லை. நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஏறக்கூடிய சரிவு, நடப்பவரின் காலுக்குச் சரிவாகவே தெரியாது. நூறு மீட்டர் நடந்தால் இரண்டு மீட்டர், மிஞ்சிப்போனால் நான்கு மீட்டர் உயர்ந்திருப்போம். அலாஸ்காவின் கடற்கரையிலிருந்து கனடாவின் யூக்கான் பகுதிக்கு 1898 முதல் 1900 வரை போடப்பட்ட ஒயிட் பாஸ் ரயில் பாதை, பாறையை வெடிவைத்துப் பிளந்து அமைக்கப்பட்டது. அதில்கூட மிகக் கடுமையான ஏற்றம் ஏறக்குறைய 3.9 சதவீதம்தான். இப்படிப்பட்ட தடத்தில் பேசிக்கொண்டே நடக்கலாம், வழி தவறவும் வாய்ப்புக் குறைவு.

ஆனால் ரயில் ஏரிவரை போவதில்லை. அது தாது அரைக்கும் ஆலையின் வாசலோடு நின்றுவிடும். சுரங்க வாய்கள் அதற்கும் பல நூறு மீட்டர் மேலே, எஞ்சின் நினைத்தும் பார்க்க முடியாத பாறைச் சரிவுகளில் இருந்தன. அங்கிருந்து தாது கம்பிவடத்தில் தொங்கும் வாளிகளில் கீழே இறங்கியது. வாஷிங்டன் மாநிலத்தின் மான்டே கிறிஸ்டோவிலும், அலாஸ்காவின் கென்னிகாட் செப்புச் சுரங்கத்திலும் இதே ஏற்பாடுதான். ஏரியோ, பழைய பனியாறு குடைந்துவிட்டுப் போன கிண்ணம் போன்ற பள்ளத்தில், பெரும்பாலும் அந்தச் சுரங்க வாய்களின் உயரத்திலோ அதற்கு மேலோ இருக்கும். பனியாறு மண்ணைச் சுரண்டிப் பாறையை வெளிக்காட்டிய இடங்களில்தான் தாது தேடி வந்தவர்களின் கண்ணுக்கு உலோக நரம்புகள் எளிதில் தென்பட்டன என்பதால், ஏரியும் சுரங்கமும் அருகருகே அமைந்திருப்பது தற்செயல் அல்ல. ஆகவே, தாது வாளியில் பறந்து இறங்கிய அந்தச் செங்குத்தான உயரத்தை நீங்கள் முதுகுச்சுமையோடு காலால் ஏற வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட வழியில் நான் முதன்முறை போனபோது, தண்டவாளம் முடியும் இடத்தை இரண்டே மணி நேரத்தில் அடைந்துவிட்டோம். எட்டு கிலோமீட்டர் முடிந்துவிட்டது, இன்னும் மூன்றுதானே மிச்சம், ஒரு மணி நேரத்தில் ஏரியைப் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் நம்பினோம். அந்த மூன்று கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. திரும்பி வரும்போது கடைசி ஐந்து கிலோமீட்டரை, மூன்று பேருக்கு ஒரே விளக்கை வைத்துக்கொண்டு, ஈரமான சிலீப்பர் கட்டைகள் மேல் ஒவ்வொரு அடியாகத் தடவித் தடவி நடந்தோம். அன்றிலிருந்து இந்தப் பயணங்களைத் தண்டவாளம் முடியும் இடத்திலிருந்துதான் திட்டமிடுகிறேன். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதல் வேலை: வரைபடத்தை இரண்டாகப் பிரிப்பது

சம உயரக் கோடுகள் உள்ள வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரயில் தடம் அதில் சம உயரக் கோடுகளுக்கு ஏறக்குறைய இணையாக, மலையின் மடிப்புகளைச் சுற்றிச் சுற்றிப் போகும் கோடாகத் தெரியும். அந்தக் கோடு எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு பெரிய புள்ளி வையுங்கள். பல நாட்டு வரைபடங்களில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள் சுரங்கத்தைக் குறிக்கும். அந்தச் சுத்தியல்கள் தலைகீழாக இருந்தால் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது என்று பொருள். புள்ளிக்கும் ஏரிக்கும் நடுவே அந்தக் குறிகள் எத்தனை இருக்கின்றன, ஒற்றையடிப் பாதை அவற்றுக்கு எவ்வளவு அருகில் போகிறது, எந்த ஓடைகளைக் கடக்கிறது என்பதையெல்லாம் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு பின்னால் தண்ணீர் விஷயத்தில் மிகவும் உதவும்.

பிறகு இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியாகத் தூரத்தையும் ஏற்றத்தையும் கணக்கிடுங்கள். மொத்தத் தூரம் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு முடிவு செய்வதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் தொடக்கப் புள்ளியாகப் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ரயில் தடம் 8 கிலோமீட்டர், ஏற்றம் 240 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சரியாக 2 மணி நேரம் வருகிறது. அதற்கு மேல் ஏரிவரை 3 கிலோமீட்டர், ஏற்றம் 750 மீட்டர் என்றால் 1 மணி 51 நிமிடம். தூரத்தில் பாதிகூட இல்லாத பகுதி நேரத்தில் ஏறக்குறைய சமமாக நிற்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

நைஸ்மித்தின் கணக்கு நல்ல உடல்வாகு உள்ளவர், நல்ல வானிலையில், நிற்காமல் நடப்பதற்கானது. புதியவர்கள் ரயில் தடப் பகுதியின் நேரத்தோடு கால் பங்கும் மேல் பகுதியின் நேரத்தோடு பாதிப் பங்கும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அப்போது ஏற்றத்துக்கு மட்டும் ஏறக்குறைய ஐந்தேகால் மணி நேரம் ஆகும். வழியில் நிற்பதற்கு அரை மணி, ஏரிக்கரையில் ஒரு மணி, இறங்குவதற்கு நான்கு மணி என்று சேர்த்தால் பத்தே முக்கால் மணி நேரம். செங்குத்தான பாறைச் சரிவில் இறங்குவது ஏறுவதைவிட விரைவாக முடியும் என்று எண்ண வேண்டாம். முழங்கால் தளர்ந்த நிலையில் பலருக்கு அதே நேரம்தான் ஆகிறது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு கடிகார நேரங்கள் கிடைக்கும். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் ரயில் தடம் முடியும் இடத்தை எட்டேகால் வாக்கிலும், ஏரியைப் பதினொன்றேகால் வாக்கிலும் அடைய வேண்டும். அப்படியானால் தண்டவாள முனையில் ஒன்பது மணி, ஏரி ஏற்றத்தில் பன்னிரண்டரை மணி என்று இரண்டு எல்லைகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குள் முனையை அடையாவிட்டால் அன்று மேல் பகுதி கிடையாது. பன்னிரண்டரைக்கு எங்கே நின்றாலும், ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டும். இதைப் புறப்படுவதற்கு முன்னால், எல்லோரும் களைப்பில்லாமல் தெளிவாக இருக்கும்போதே, குழுவில் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. மேலே போன பிறகு பேசினால் ஆசைதான் முடிவெடுக்கும்.

எந்த மாதம், யாருடைய நிலம்

உயர்மலை ஏரிகளில் பனி நாம் எதிர்பார்ப்பதைவிட நீண்ட காலம் கிடக்கும். அடிவாரத்தில் பூ பூத்திருக்கும்போது மேலே ஏரி உறைந்தே இருக்கலாம். வட அரைக்கோளத்தின் உயர்ந்த மலைத்தொடர்கள் பலவற்றில் ஜூலை நடுப்பகுதிக்கு முன் மேல் பகுதி பனியில்லாமல் கிடைப்பது அரிது. செப்டம்பர் இறுதியில் புதுப் பனி தொடங்கிவிடும். ஆக, நல்ல காலம் எட்டு முதல் பத்து வாரங்கள்தான். பழைய ரயில் தடத்துக்கென்று இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாறையை வெட்டி அமைத்த பள்ளமான வெட்டுப்பாதைகளில் காற்று அடித்துச் சேர்த்த பனி, சுற்றியுள்ள சரிவெல்லாம் காய்ந்த பிறகும் வாரக்கணக்கில் கிடக்கும். ஓடைகள் தடத்தைக் கடக்கும் இடங்களில் மேலே திண்மையாகத் தெரியும் பனிப் பரப்புக்கு அடியில் தண்ணீர் ஓடி ஓடிக் குடைந்து, உள்ளே வெறும் கூடாக நிற்கும். அடியிலிருந்து தண்ணீர் ஓசை கேட்டால் அந்தப் பனிப்பாலத்தின் மேல் கால் வைக்காதீர்கள்.

நிலம் யாருடையது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ரயில் ஓடுவது நின்றுபோனதால் தடம் பொதுவாகிவிடுவதில்லை. ரயில் நிறுவனத்தின் வாரிசு நிறுவனம், சுரங்க உரிமை வைத்திருப்பவர், வனத்துறை என்று ஒரே தடத்தின் வெவ்வேறு துண்டுகள் வெவ்வேறு கைகளில் இருக்கக்கூடும். சில தடங்களில் இன்னும் பராமரிப்பு வண்டிகளோ சுற்றுலா ரயிலோ ஓடுகின்றன; அப்படிப்பட்ட தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம் மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. அந்தப் பகுதியின் வன அலுவலகத்தையோ பூங்கா அலுவலகத்தையோ தொடர்புகொண்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தடம் முழுவதும் நடப்பதற்குத் திறந்திருக்கிறதா, பாலங்கள் நிற்கின்றனவா, மேல் பகுதியில் பனி எந்த உயரம்வரை கிடக்கிறது. இந்த மூன்றுக்கும் அண்மைய பதில் கிடைக்காமல் புறப்படாதீர்கள்.

பாலங்களைப் பற்றிக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலை ஆறுகள் ரயில் பாதைகளை எப்போதும் விட்டுவைத்ததில்லை. மான்டே கிறிஸ்டோவில் 1889-இல் தாது கண்டுபிடிக்கப்பட்டு, 1893-இல் ரயில் போய்ச் சேர்ந்தது. 1896, 1897 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் பாதையை அடித்துக்கொண்டு போயின. பின்னாளில் அந்த ஊருக்குப் போக இருந்த சாலையையும் 1980-ஆம் ஆண்டு வெள்ளம் துண்டித்தது. பராமரிப்பு இருந்த காலத்திலேயே இந்த நிலை என்றால், எண்பது நூறு ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் தடத்தில் சென்ற ஆண்டு இருந்த பாலம் இந்த ஆண்டு இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

உடலைப் பழக்குவது

ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே தொடங்குங்கள். முதுகில் ஆறேழு கிலோ சுமையோடு வாரத்துக்கு மூன்று நாள் மாடிப்படி ஏறி இறங்குவதும், வார இறுதியில் ஒரு நீண்ட நடையும் போதுமானவை. இறங்குவதற்கான பயிற்சியைத் தவறவிடாதீர்கள். தொடையின் முன்பக்கத் தசை இறங்கும்போதுதான் அதிகம் அடிவாங்குகிறது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, அதே காலணி, அதே பை, அதே சுமையோடு பதினைந்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள். அதில் கொப்புளம் வந்தால் மலையிலும் வரும்.

ஏரி 2,500 மீட்டர் உயரத்துக்கு மேல் இருந்தால் உயர நோயையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடல்மட்டத்தில் வாழ்பவர்கள் முந்தைய இரவையாவது, முடிந்தால் இரண்டு இரவுகளை, இடைப்பட்ட உயரத்தில் கழிப்பது நல்லது. தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். நடையில் தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறல் ஆகியவை உடனே இறங்கச் சொல்லும் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் காத்திருக்கக் கூடாது.

சுமையில் என்ன இருக்க வேண்டும்

பொதுவான மலையேற்றப் பட்டியலை இங்கே முழுவதும் சொல்லப் போவதில்லை. மழைக்கும் காற்றுக்குமான மேலாடை, மாற்றுக் காலுறை, முதலுதவி, உணவு ஆகியவை எல்லாப் பயணத்துக்கும் உரியவை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, ஏரிக்கரையில் நிற்கும் நேரத்துக்கு ஒரு தடித்த ஆடை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழிக்கென்று சிறப்பாக வேண்டியவை நான்கு. ஒன்று, கனமான அடிப்பாகம் உள்ள காலணி. ரயில் தடத்தின் ஜல்லி உருண்டு கணுக்காலைத் திருகும். மண்ணுக்குள் பழைய ஆணிகள் குத்திட்டு நிற்கும். கென்னிகாட் சுரங்கத்துக்கு 1911-இல் முடிக்கப்பட்டு 1938-இல் நிறுத்தப்பட்ட ரயில் தடத்தின் மேல் இன்று மெக்கார்த்தி சாலை ஓடுகிறது. அந்தக் காலத்துத் தண்டவாள ஆணிகள் இன்றும் வண்டிச் சக்கரங்களைப் பஞ்சராக்குகின்றன. துருப்பிடித்த இரும்பு நிறைந்த வழி என்பதால், டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு, ஆளுக்கொரு நெற்றி விளக்கும் மாற்று மின்கலமும். ரயில் குகைகள் வளைந்திருந்தால் நடுவில் பகலிலும் கும்மிருட்டு. மூன்று, ஊன்றுகோல் ஒரு இணை; மேல் பகுதியில் இறங்கும்போது முழங்காலைக் காப்பது அதுதான். நான்கு, நாள் முழுவதற்கும் போதுமான தண்ணீர்.

தண்ணீர்: இந்த வழியில் மிகவும் கவனம் வேண்டிய விஷயம்

பொதுவாக மலையில் ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ குடிக்கலாம் என்று சொல்வார்கள். சுரங்கப் பகுதியில் அந்த விதி பொருந்தாது. வடிகட்டியும் குளோரின் மாத்திரையும் கிருமிகளுக்கானவை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆர்சனிக், ஈயம், காட்மியம் போன்றவற்றைச் சாதாரண நடைப்பயண வடிகட்டிகள் நீக்குவதில்லை. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகி, மிஞ்சியதில் உலோகத்தின் செறிவு கூடவே செய்யும்.

சுரங்க வாயிலிருந்து கசியும் நீரை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். பாறைகளின் மேல் ஆரஞ்சு நிறத்தில், தொட்டால் குழைந்துவிடும் சேறு படிந்திருக்கும். கந்தகம் கலந்த கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, அந்த அமிலம் இரும்பைக் கரைத்துக்கொண்டு வந்து, வெளிக்காற்றில் துருவாகப் படிய வைத்ததுதான் அந்தச் சேறு. அதன் ஓரத்தில் பாசி இருக்காது, பூச்சி இருக்காது. கொலராடோவின் சில்வர்டன் அருகே கோல்டு கிங் என்ற கைவிடப்பட்ட சுரங்கத்திலிருந்து 2015 ஆகஸ்ட் 5 அன்று ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் லிட்டர் கழிவுநீர் வெளியேறியபோது, அனிமாஸ் ஆறே மஞ்சளாக ஓடியது. அந்தப் பள்ளத்தாக்கில் 1882-இல் போடப்பட்ட சுரங்கக் காலத்துக் குறும்பாதையில் இன்றும் சுற்றுலா ரயில் ஓடுகிறது.

நிறம் எச்சரித்தால் நல்லதுதான். எச்சரிக்காத தண்ணீர்தான் இன்னும் ஆபத்தானது. ஆர்சனிக் கலந்த தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாகவும் சுவை மாறாமலும் இருக்கும். ஆகவே முன்பு வரைபடத்தில் எழுதிவைத்த குறிப்பைப் பாருங்கள்: எந்த ஓடையின் மேல்பகுதியில் ஒரு சுரங்கக் குறியாவது இருக்கிறதோ, அந்த ஓடையை உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். சுரங்கங்களுக்கு மேலே இருக்கும் ஏரியின் நீர் பொதுவாக நம்பத்தக்கது என்றாலும், அதன் கரையில் உடைத்த கல் மேடுகள் தெரிந்தால் அதையும் தொட வேண்டாம். நான் ஆளுக்கு மூன்றரை லிட்டர் எடுத்துப்போய், அதில் ஒரு லிட்டரைத் தண்டவாள முனையில் நிழலான கல்லிடுக்கில் ஒளித்துவைத்துவிட்டு மேலே ஏறுவேன். ஒரு கிலோ சுமை குறையும். திரும்பி வரும்போது தொண்டை வறண்ட நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் காத்திருக்கும். காலிப் புட்டியைக் கீழே கொண்டுவர மறந்துவிடாதீர்கள்.

தடத்தின் மேல் நடக்கும்போது

தண்டவாளம் எடுக்கப்படாமல் கிடக்கும் பகுதிகளில் சிலீப்பர் கட்டைகளின் மேல் நடக்கத் தோன்றும். அவற்றின் இடைவெளி பெரும்பாலும் அறுபது சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும்; ஒவ்வொன்றாக மிதித்தால் அடி சுருங்குகிறது, ஒன்றுவிட்டு ஒன்று மிதித்தால் அடி நீள்கிறது. எந்தக் காலும் தன் இயல்பில் விழாது. அரை மணி நேரத்தில் இடுப்பு வலிக்கத் தொடங்கும். மேலும், மழையில் நனைந்த பழைய கட்டை எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். கட்டைகளின் முனைக்கு வெளியே, மேட்டுக்கரையின் ஓரமாக முன்னே சென்றவர்கள் மிதித்துப் போட்ட குறுகிய தடம் இருக்கும், அதில் நடங்கள்.

அடிமண் அரித்துப்போன இடங்களில் தண்டவாளம் கட்டைகளோடு சேர்ந்து ஏணிபோல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். படமெடுக்க அழகான காட்சி. ஆனால் அதைப் பாலமாக நினைத்துவிடக் கூடாது. அந்தக் கட்டைகளைப் பிடித்திருப்பது நூறு ஆண்டுத் துருவேறிய ஆணி ஒன்றுதான். பள்ளத்தில் இறங்கி ஏற வழியிருந்தால் இறங்கி ஏறுங்கள். இல்லையென்றால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. மரப்பாலங்களுக்கும் இதே விதி. வெளிப்பக்கம் திண்மையாகத் தெரியும் உத்தரம் உள்ளே உளுத்திருக்கும்; ஊன்றுகோலால் தட்டினால் பொத்தலான ஓசை வரும், ஆனால் நல்ல ஓசை வந்தாலும் அது உறுதிக்குச் சான்றாகாது. நிர்வாகம் பராமரித்து நடப்பதற்கென்று திறந்துவிட்ட பாலங்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

ரயில் குகை வேறு, சுரங்க வாய் வேறு. இந்த வேறுபாட்டைப் புதியவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ரயில் குகைக்கு இரண்டு வாய்கள் உண்டு, காற்று ஓடும், அதிகாரபூர்வமாகத் திறந்திருந்தால், தரையில் உறைபனியும் உதிர்ந்த கற்களும் இருக்கின்றனவா என்று பார்த்தபடி கடக்கலாம். சுரங்க வாய்க்குள் ஓரடிகூட வைக்கக் கூடாது. உள்ளே மரமும் கனிமமும் மெல்ல மக்கி, ஆக்சிஜனை உறிஞ்சிவிட்ட காற்று தேங்கியிருக்கும். அதற்கு மணம் கிடையாது, மூச்சு முட்டும் உணர்வுகூட வராமல் மயக்கம் வந்துவிடலாம். தரை என்று நினைத்து மிதிக்கும் பலகைக்குக் கீழே பல மீட்டர் ஆழக் குழி இருக்கலாம். விட்டுப்போன வெடிமருந்துக் குச்சிகளும் வெடிமூட்டிகளும் காலம் ஆக ஆக இன்னும் நிலையற்றவையாகின்றன. அப்படி எதையாவது கண்டால் தொடாமல் விலகி, இடத்தைக் குறித்துக்கொண்டு அதிகாரிகளிடம் சொல்லுங்கள்.

ஆலை இருந்த இடத்தில் செடி முளைக்காத, மாவுபோன்ற சாம்பல்நிற மண்மேடுகள் இருக்கும். அவை தாதுவை அரைத்துப் பிரித்தபின் கொட்டிய கசடு. மான்டே கிறிஸ்டோவில் சுரங்கத் தொழில் ஓய்ந்து ஒரு நூற்றாண்டு கழித்தும் ஆர்சனிக் கலந்த அந்த மண்ணை 2010-களில் பெரும் பணியாக அள்ளி அகற்ற வேண்டியிருந்தது. அங்கே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், காற்று அடிக்கும்போது நின்று வேடிக்கை பார்க்காதீர்கள், குழந்தைகளை விளையாட விடாதீர்கள். சாப்பிடுவதற்கு முன் கையைக் கொண்டுவந்த நீரால் கழுவுங்கள். துருப்பிடித்த வாளி, ஆணி, தட்டுமுட்டுச் சாமான்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்து வராதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம், அதோடு அடுத்து வருபவர் பார்க்க வேண்டியதும் அதுதான்.

முனையிலிருந்து ஏரிவரை

தண்டவாளம் முடிந்ததும் பத்து நிமிடம் நில்லுங்கள். தளர்வாக இருந்த காலணிக் கயிற்றை இறுக்குங்கள்; எட்டு கிலோமீட்டர் ஒரே மாதிரியான அடியில் நடந்த பாதத்தில் எங்கேயாவது சூடு தெரிந்தால் இப்போதே ஒட்டுப்போடுங்கள். மேலே வானத்தைப் பாருங்கள். பிறகு மிக மெதுவாகத் தொடங்குங்கள். சமதளத்தில் வந்த வேகத்தை உடல் நினைவில் வைத்திருக்கும். அதே வேகத்தில் சரிவில் பாய்ந்தால் கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கி, அடுத்த இரண்டு மணி நேரம் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டிவரும். முழு வாக்கியம் ஒன்றைத் திணறாமல் பேச முடிகிற வேகமே சரியானது.

இங்கிருந்து வழி பழைய சுரங்கத் தொழிலாளர்களும் கோவேறு கழுதைகளும் நடந்த தடம். அது சுற்றிவளைத்து ஏறுவதற்குப் பொறுமையில்லாத தடம், நேராக ஏறும். சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டியிருக்கும். அப்போது ஊன்றுகோலைப் பையில் செருகிவிட்டு இரண்டு கைகளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த கற்கள் உள்ள சரிவில் ஒருவருக்கு நேர்கீழே மற்றொருவர் வராதபடி நெருக்கமாகவோ பக்கவாட்டில் விலகியோ ஏறுங்கள். கல் உருண்டால் உரக்கக் கத்தி எச்சரிக்க வேண்டும். காலையில் இறுகிக் கிடக்கும் செங்குத்தான பனிச்சரிவு குறுக்கிட்டு, காலணிக்கு அடியில் மாட்டும் முள்தட்டும் பனிக்கோடரியும் பயன்படுத்தத் தெரிந்தவர் குழுவில் இல்லையென்றால், அந்த இடமே உங்கள் திரும்பும் இடம்.

மலைகளில் கோடை இடி பெரும்பாலும் பிற்பகலில் வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி முப்பது வினாடிக்குள் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஆபத்தான தொலைவில் இருக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம்வரை ஆபத்து நீங்கவில்லை என்று கொள்ள வேண்டும். முகட்டையும் ஏரியின் திறந்த கரையையும் விட்டு இறங்குங்கள். இந்த வழியில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பழைய தண்டவாளமும், கம்பிவடத்தின் அறுந்த கம்பிகளும், அதைத் தாங்கிய இரும்புக் கம்பங்களும் மின்னலின் மின்சாரத்தைத் தொலைவுவரை கடத்தும். அவற்றைத் தொட்டபடியோ அவற்றின் அருகிலோ ஒதுங்கக் கூடாது.

ஏரியை அடைந்ததும் வியர்த்த ஆடைமேல் தடித்த ஆடையைப் போட்டுக்கொள்வதே முதல் வேலை. குளிக்க ஆசை வரும். கோடையிலும் பத்து டிகிரிக்குக் கீழே இருக்கக்கூடிய நீரில் குதித்தால், முதல் நிமிடத்தில் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கும் அதிர்ச்சி ஏற்படும். தலை நீருக்குள் இருந்தால் அந்த ஒரு மூச்சே உயிரைக் குடிக்கும். காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இயற்கைக் கடனைக் கரையிலிருந்து அறுபது மீட்டருக்கு அப்பால், பதினைந்து முதல் இருபது சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டிக் கழித்து மூடுங்கள். சோப்பை ஏரியில் கரைக்காதீர்கள். பனியுருகித் தேங்கிய அந்தச் சிறு நீர்நிலை தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள நீண்ட காலம் எடுக்கும்.

திரும்பும் வழியும் வீட்டில் இருப்பவரும்

புறப்படும் முன் ஒரு தாளில் வழி, குழுவினர் பெயர், வண்டி நிறுத்தும் இடம், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பதை எழுதி, பயணத்துக்கு வராத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பள்ளத்தாக்குகளில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. உதவி வேண்டுமானால் விசிலையோ விளக்கையோ நிமிடத்துக்கு ஆறு முறை இயக்கி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் இயக்குவது பல நாட்டு மலைகளிலும் அறியப்பட்ட அபாயக் குறி. நிமிடத்துக்கு மூன்று முறை வந்தால் அது பதில். ஹெலிகாப்டர் தெரிந்தால் இரண்டு கைகளையும் மேலே விரித்து நிற்பது உதவி தேவை என்றும், ஒரு கையை மேலும் மற்றதைக் கீழும் சாய்த்து நிற்பது தேவையில்லை என்றும் பொருள்படும்.

இறங்கும்போது தண்டவாள முனையில் மறுபடியும் நில்லுங்கள். ஒளித்துவைத்த தண்ணீரைக் குடித்து, எதையாவது சாப்பிட்டு, காலுறையை மாற்றி, பகலாக இருந்தாலும் நெற்றி விளக்கைப் பையின் மேற்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். மிச்சமுள்ள தடம் சமதளம் என்பதால் மனம் தளர்ந்துவிடும். கணுக்கால் பிசகுவதும் சிலீப்பரில் தடுக்கி விழுவதும் இந்தக் கடைசி எட்டு கிலோமீட்டரில் எளிதில் நேரும். குழுவில் மிகவும் களைத்தவரை முன்னால் விட்டு, அவர் வேகத்தில் எல்லோரும் நடங்கள்.

வண்டியை அடைந்ததும், தாளைக் கொடுத்தவருக்கு வந்துவிட்டோம் என்று செய்தி அனுப்புங்கள். சிக்னல் இல்லையென்றால் கிடைக்கும் முதல் இடத்தில் நிறுத்தி அனுப்புங்கள். பிறகு கசடு மண் ஒட்டிய காலணியைக் கழற்றித் தனிப் பையில் கட்டிவையுங்கள். வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே கழுவி, அன்று உடுத்திய துணிகளையும் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்துவிடுங்கள்.